ஏழுக்கு அடியில் எழுபத்தேழு

கேள்வி: சென்ற இதழில் ஐஸ் ஹாக்கி வீரர் ரே போர்க்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருந்தீர்கள். இருபது வருடத்துக்கு மேல் சோறு போட்ட பாஸ்டன் அணியை, கடைசிக் காலத்தில் ஒரு கோப்பைக்காக உதறிவிட்டுக் கொலராடோவுக்கு ஓடியவர்தானே அவர்? ஜெயிக்கிற கட்சியில் கடைசி நாள் போய்ச் சேருகிறவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?
- வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்பதிலேயே உங்கள் கணக்கு இடிக்கிறது.

1979-ல், 18 வயதில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு வந்தார் போர்க். அந்த அணிக்காக மட்டும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் 1,518 ஆட்டங்கள். அவர் தடுப்பாட்டக்காரர். அதாவது எதிரி முழு வேகத்தில் முகத்துக்கு நேராக வரும்போது, அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு போக வேண்டிய வேலை. 'பக்' என்கிற ரப்பர் வட்டைப் பறித்த அடுத்த நொடியே முன்னால் திரும்பி ஓட வேண்டும். 60 நிமிட ஆட்டத்தில் 25 நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்ற ஆள் இவர். லீக்கில் மொத்தம் 410 கோல். மற்றவர்கள் கோல் போட உதவியது 1,169 முறை. வேறெந்தத் தடுப்பாட்டக்காரரும் இன்றுவரை அந்தக் கணக்கை எட்டவில்லை. 1988-லும் 1990-லும் பாஸ்டன், லீக்கின் ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிப் போட்டிவரை போய், இரண்டு முறையும் எட்மன்டனிடம் தோற்றது.

சரி, விசுவாசத்துக்கு வருவோம். 1987 டிசம்பர் 3. பாஸ்டனின் பழைய நட்சத்திரம் ஃபில் எஸ்பொசிட்டோ அணிந்திருந்த 7-ம் எண்ணை அரங்கின் உச்சியில் ஏற்றிக் கௌரவிக்கிறார்கள். அப்படி ஏற்றிவிட்டால் அந்த அணியில் வேறு யாரும் அந்த எண்ணை அணிவதில்லை. சங்கடம் என்னவென்றால், அப்போது அந்த எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தவர் போர்க். அவர் ஆடி முடிக்கும்வரை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். போர்க் சறுக்கியபடி எஸ்பொசிட்டோவிடம் வந்தார். போட்டிருந்த 7-ம் நம்பர் சட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். உள்ளே இன்னொரு சட்டை. அதில் 77. எஸ்பொசிட்டோவே எதிர்பார்க்கவில்லை.

அந்த எஸ்பொசிட்டோ யார் தெரியுமா? 1970-லும் 1972-லும் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். ஒரே பருவத்தில் 76 கோல் போட்டவர். 1975 நவம்பரில் அவரை இதே கிளப் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குத் தள்ளிவிட்டது. அவர் கேட்டுப் போகவில்லை. கிளப் ஆளை மாற்றினால் அது வியாபாரம், ஆள் கிளப்பை மாற்றினால் துரோகமா? இது எந்த ஊர் நியாயம் சார்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2000-ல் என்னை வேறு அணிக்கு அனுப்புங்கள் என்று கேட்டவர் போர்க்தான். அப்போது அவருக்கு 39 வயது. அந்த வருடம் பாஸ்டன் கோப்பைச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. ஆனால் சுவர் ஏறிக் குதித்து ஓடவில்லை. வாய்விட்டுக் கேட்டார், கிளப்பும் பதிலுக்கு ஆட்களை வாங்கிக்கொண்டுதான் அனுப்பியது. 'கடைசி நாள்' என்கிறீர்கள். மார்ச் 6-ம் தேதி கொலராடோவுக்குப் போனார், அந்த வருடம் அங்கேயும் கோப்பை கிடைக்கவில்லை, டாலஸிடம் தோற்று வெளியேறினார்கள். அப்புறம் இன்னொரு முழுப் பருவம், 40 வயதில் 80 ஆட்டம். வேலை செய்யாமல் பந்தியில் உட்கார வந்தவர் அத்தனை ஆட்டம் ஆடமாட்டார்.

2001 ஜூன் 9. நியூ ஜெர்சிக்கு எதிரான இறுதிப் போட்டியின் ஏழாவது, கடைசி ஆட்டத்தை 3-1 என்று ஜெயித்தார்கள். ஸ்டான்லி கோப்பையைக் கேப்டன்தான் முதலில் தலைக்கு மேல் தூக்குவார், அதுதான் வழக்கம். கேப்டன் ஜோ சாகிக் வாங்கினார், தூக்கவில்லை, அப்படியே போர்க்கிடம் நீட்டிவிட்டார். லீக்கும் கோப்பைச் சுற்றும் சேர்த்து 1,826 ஆட்டங்களுக்குப் பிறகு அவர் கையில் வந்த முதல் கோப்பை. அதோடு ஓய்வு பெற்றார்.

நாலே நாளில் அந்தக் கோப்பையை எங்கே கொண்டுபோனார் என்கிறீர்கள்? பாஸ்டன் நகர மன்றத் திடலுக்கு. வேறு ஊர் அணி ஜெயித்த கோப்பையைப் பார்க்க ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து கைதட்டினார்கள் ஜனங்கள். அதே அக்டோபரில் 77-ம் எண்ணையும் அரங்கின் உச்சியில், அந்த 7-க்குத் துணையாக ஏற்றிவிட்டார்கள்.

பாஸ்டன்காரர்களுக்கே வராத கோபம் ஸ்கார்பரோவில் உங்களுக்கு ஏன் வருகிறது? உங்கள் டொரண்டோ அணி 1967-க்குப் பிறகு அந்தக் கோப்பையைத் தொடவில்லை என்ற வயிற்றெரிச்சல் என்றால் சொல்லுங்கள். அது எனக்குப் புரிகிறது.