2000-களின் டிஜிட்டல் கேமராவும் லிப் கிளாஸும் ஏன் திரும்பி வந்தன?

கைப்பேசியிலேயே நல்ல கேமரா இருக்கும்போது 2003-இல் வந்த டிஜிட்டல் கேமராவை ஏன் தேடி வாங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய நினைவு மட்டும் காரணமில்லை, வாங்குகிறவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை முக்கியக் காரணம் ஃப்ளாஷ்தான். அந்தச் சின்ன கேமராக்களில் லென்ஸுக்குப் பக்கத்திலேயே செனான் வாயு நிரப்பிய ஃப்ளாஷ் இருக்கும், சட்டென்று வெட்டி மறையும் அந்த வெளிச்சத்தில் முகம் பளிச்சென்று விழும், பின்னால் எல்லாம் இருட்டாகிவிடும். கைப்பேசியோ பல படங்களை ஒன்றாகச் சேர்த்து நிழலையெல்லாம் வெளுத்துவிடுகிறது, அதில்தான் பலருக்கு அலுப்பு.

மேக்கப்பும் இதோடு சேர்ந்ததுதான். லான்கோம் என்ற மேக்கப் நிறுவனத்தின் ஜூசி டியூப்ஸ் லிப் கிளாஸ் 2000-இல் வந்தது. அந்த மாதிரி லிப் கிளாஸ் மேல் ஃப்ளாஷ் பட்டால் கீழுதட்டின் நடுவில் வெள்ளையாக ஒரு மினுக்கம் தெரியும். பளபளக்கும் நீல ஐஷேடோவும் அப்படித்தான், மைக்கா என்ற கனிமத்தின் துகள்கள் மேல் பூசிய மெல்லிய டைட்டானியம் டை ஆக்ஸைடு படலம் ஒளியைத் திருப்பியடிக்கிறது. அந்தக் கால பாணியான மெல்லிய புருவத்தை மட்டும் யோசித்துச் செய்யுங்கள், திரும்பத் திரும்பப் பிடுங்கினால் முடி சரியாக வளராமலே போகலாம்.

கேமரா வாங்குவதானால் எஸ்டி கார்டு போடுகிற மாடலாகப் பாருங்கள். இன்னொரு வகை மெமரி கார்டான எக்ஸ்டி கார்டின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. 2006-க்கு முந்தைய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது.