கதவுக்கு உள்ளே இருப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

வேல்ஸின் கார்டிஃபில் முதுகலை படிக்கிறேன். ஜனவரியில் செப்ஸ்டோ ஊரில் வாசெயில் என்ற குளிர்கால விழாவுக்குப் போனேன். குதிரை மண்டையோட்டைக் கழியில் செருகி, வெள்ளைத் துணி போர்த்தி, ரிப்பன் கட்டி ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். மாரி லூயிட் என்று பெயர். கிறிஸ்தவத்துக்கு முந்தைய சடங்கு என்றார் பக்கத்தில் நின்றவர். உண்மையா? இப்போது இது வெறும் சுற்றுலா வேடிக்கையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தக் குளிரில் அறைக்குள் முடங்காமல் கிளம்பிப் போனீர்களே, சந்தோஷம். நானும் சில நாட்களாக மாரி லூயிட் நினைவாகவே இருந்தேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அச்சில் முதல் குறிப்பு 1800இல்தான் வருகிறது. அதற்கு முந்தைய கதைக்குச் சான்று கிடையாது. எதைக் கண்டாலும் ஆயிரம் வருடம் ஏற்றிச் சொன்னால்தான் மதிப்பு என்ற புத்தியை முதலில் விடுங்கள். சுற்றுலாக் கேள்விக்கு நேரம் செலவிட மாட்டேன்.

நீங்கள் ஒரு வரிகூட எழுதாதது புங்கோ என்ற பாட்டுப் போட்டியைப் பற்றி. மாரியோடு வருபவர்கள் மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே வர அனுமதி கேட்டு வெல்ஷில் பாடுவார்கள். வீட்டார் கதவைத் திறக்காமல் அதே மெட்டில் பதில் பாடுவார்கள். உன் குரல் சகிக்கவில்லை, நீ குடிகாரன், நீ கஞ்சன் என்று மாறி மாறி வசை. உள்ளே இருப்பவர்களுக்குப் பதில் பாட வரி தீர்ந்தால் கதவு திறக்கும். மாரி தாடையைக் கடகடவென்று அடித்துக்கொண்டு நுழையும். அப்புறம் பீர், கேக்.

பிளைனௌ குவென்ட்டில் பாப்டிஸ்ட் போதகராக இருந்த வில்லியம் ராபர்ட்ஸ், இந்த மடமைக்கு அருங்காட்சியகம் தவிர வேறு இடம் இருக்கக்கூடாது என்று 1852இல் எழுதினார். எழுதிய புத்தகத்திலேயே பாட்டுகளையும் அச்சிட்டார். போதகர்களின் கண்டனத்தைத் தாங்கிக்கொண்டு மாரி நடந்தது. அதை முடக்கியது வேறு. 1901 கணக்கெடுப்பில் வேல்ஸில் ஏறக்குறைய பாதிப்பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021இல் 17.8 சதவீதம். சுரங்கப் பள்ளத்தாக்குகளில் வீடு வீடாக ஆங்கிலம் ஏறியபோது, கதவுக்கு உள்ளே பதில் பாட ஆளில்லாமல் போனது. மண்டையோடு தூக்க எப்போதும் ஆள் கிடைக்கும். எதிர்ப்பாட்டுப் பாடும் ஆளை எங்கே தேடுவது? திரும்பத் திரும்ப இதையேதான் சொல்வேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மேஸ்டெக் பக்கம் ஒரு மதுவிடுதியில் புங்கோ கேட்டிருக்கிறேன். உள்ளே பாடியவர் வயதானவர். கையில் மடித்த தாள், விளக்கடியில் பிடித்துப் படித்தார். நடுவில் வரி தவறி நின்றுவிட்டார். வெளியே இருந்தவர்கள் நினைத்திருந்தால் ஜெயித்திருக்கலாம். மழையில் பேசாமல் காத்திருந்தார்கள். அவர் வரியைக் கண்டுபிடித்துப் பாடியதும் கதவுக்கு அந்தப்பக்கம் ஒரே கூச்சல். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

செப்ஸ்டோவில் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கார்டிஃபில் மாலை நேர வெல்ஷ் வகுப்புகள் நடக்கின்றன. போய்ச் சேருங்கள். நாலு வரி பாடம் செய்தபின் எனக்கு எழுதுங்கள்.