வெள்ளத்தின்போது ஆற்றுப் படுகையின் வடிவம் மாறுமா? நீரோட்டத்தை அது பாதிக்குமா?

மாறும், நன்றாகவே பாதிக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஆற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். எங்களுக்கென்று இருப்பது, மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழும் வழுக்கையாறுதான். அதில் தண்ணீரை மறிப்பது பெரும்பாலும் புல்லும் குப்பையும். நான் சொல்வது கிளிநொச்சிக் கனகராயன் ஆறு போல மணல் நிறைந்த ஆறுகளுக்கு.

மணற்காட்டில் காற்றுக் குவித்த மணல்மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். காற்று வரும் பக்கம் சாய்வு, மறுபக்கம் செங்குத்து. ஆற்றின் அடியிலும் அப்படித்தான். ஓட்டம் கூடக்கூட முதலில் சின்ன வரிகள், அப்புறம் பெரிய மேடுகள். ஆறு மீற்றர் ஆழத்துக்கு ஒரு மீற்றர் உயர மேடு எழும்பினால் ஆச்சரியமில்லை. செங்குத்துப் பக்கத்துக்குப் பின்னால் தண்ணீர் சுழி போடும். ஓட்டத்தின் சக்தி அங்கே வீணாகும். வேகம் குறைவதால், வந்த தண்ணீரின் அளவுக்கு ஏற வேண்டியதைவிட நீர்மட்டம் கூடுதலாக ஏறிவிடும்.

ஓட்டம் இன்னும் வலுத்தால் மேடுகளே அரிபட்டுப் படுகை தட்டையாகிவிடும். பொறியியலாளர்கள் உராய்வைக் குறிக்கும் மானிங் எண், மேடுகள் உள்ளபோது 0.03 அளவில் இருந்தால், தட்டையானதும் 0.015க்கும் கீழே போகலாம். ஆழமும் சரிவும் மாறாவிட்டால், எண் பாதியானதும் வேகம் இரட்டிப்பு! அதனால் வெள்ளம் கூடிக்கொண்டிருக்கும்போதே நீர்மட்டம் ஏறாமல் நிற்பதும் உண்டு. இதற்கும் மேலே போனால் எதிர்மேடுகள் வரும். மணல் கீழ்நோக்கிப் போகும், மேடு மேல்நோக்கி நகரும். ஆழம் குறைந்த, வேகமான ஓட்டத்தில்தான் அது.

எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. மேடு வளரவும் கரையவும் நேரம் வேண்டும், தண்ணீர் அதற்காகக் காத்திருக்காது. 1998இல் நெதர்லாந்தில் ரைன் ஆற்று வெள்ளத்தின்போது அளந்து பார்த்தார்கள்: வெள்ளத்தின் உச்சம் கடந்த பிறகுதான் மேடுகள் தங்கள் முழு உயரத்தை எட்டின. ஆகவே வெள்ளம் ஏறும்போது இருந்ததைவிட, வடியும்போது படுகை கரடுமுரடு. ஒரே அளவு தண்ணீர் போனாலும் வடியும் நேரத்தில் மட்டம் உயர்ந்து தெரியும்.

அதனால்தான் பாலத்தூணில் கீறிய அளவுகோலை மட்டும் பார்த்து "இவ்வளவு தண்ணீர் போகிறது" என்றால் எனக்கு நம்பிக்கை வராது. ஏறுகிற நேரமா, வடிகிற நேரமா என்று முதலில் கேட்பேன். முடிந்தால் வெள்ளம் ஓடும்போதே வேகத்தையும் ஆழத்தையும் நேரில் அளக்க வேண்டும்.