மணி விற்றவன் மதில் கட்டினானா?

அன்புள்ள ஐயா,

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மகன் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறான். அடுத்த ஆண்டு நானும் மனைவியும் இருபது நாள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்க்க எண்ணியிருக்கிறோம். விக்டோரியா அருவி, கிளிமஞ்சாரோ, லாலிபேலா, மெரோவே பிரமிடுகள், கிரேட் ஜிம்பாப்வே என்று பட்டியல் நீள்கிறது. எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். கிரேட் ஜிம்பாப்வேயின் கல்மதில்களைச் சோழ நாட்டு வணிகர்கள் கட்டினார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அது உண்மையானால் அவசியம் பார்த்துவிட வேண்டும்.

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

கிளிமஞ்சாரோவில் ஏறப்போவதில்லை என்றால் விட்டுவிடுங்கள். மெரோவே சூடானில் இருக்கிறது. 2023இல் போர் மூண்ட அந்த மண்ணுக்குச் சுற்றுலா போவதைப் பற்றி இப்போது பேச எனக்கு மனமில்லை. லாலிபேலாவில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த 11 தேவாலயங்கள் உள்ளன. எத்தியோப்பியாவுக்கென்றே இன்னொரு முறை போங்கள். அருவிக்கு ஏப்ரலை ஒட்டிப் போங்கள், நீர் நிறைந்திருக்கும். அதன் பெயர் மோசி-ஓவா-துன்யா, 'இடியாய் முழங்கும் புகை'. 1855இல் அங்கு வந்த ஸ்காட்லாந்துப் பயணி லிவிங்ஸ்டன் தம் அரசியின் பெயரை அதற்குச் சூட்டினார். பழைய பெயரையும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இனி, 'அது உண்மையானால்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன்.

அது உண்மையில்லை. அந்த மதில்களைக் கட்டியவர்கள் அந்நாட்டின் ஷோனா மக்களின் முன்னோர். ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை அங்கே ஒரு நகரம் வாழ்ந்தது. பெரிய சுற்றுமதிலின் சுற்றளவு சுமார் 250 மீட்டர். சில இடங்களில் உயரம் 11 மீட்டர். ஒரு கைப்பிடிச் சாந்துகூட இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி எழுப்பியது. நாம் கட்டவில்லை என்று தெரிந்துவிட்டதே, இனி அதைப் பார்க்க வேண்டாமா? முப்பது ஆண்டுகள் பிறர் பணத்துக்கு ஒழுங்காகக் கணக்கு எழுதியவர் நீங்கள். இன்னொருவர் கணக்கில் இருப்பதை நம் பெயருக்கு மாற்றச் சொன்னால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?

நீங்கள் பார்த்த காணொளிக்கு மூத்தவர்கள் உண்டு. 1871இல் ஜெர்மானியரான கார்ல் மௌக் அங்கே ஒரு வாசலின் மேல்சட்டத்திலிருந்து மரச்சிராய் எடுத்தார். அதன் நிறமும் மணமும் தம் பென்சில் மரத்தைப் போல இருந்ததால் அது லெபனானின் தேவதாரு என்று முடிவு கட்டினார். ஆகவே இது பைபிளில் வரும் ஷேபா நாட்டு அரசியின் மாளிகை என்றார். உண்மையில் அது உள்ளூர் மரம். அடுத்து வந்த தியோடர் பென்ட் கட்டியவர்களை அரேபியாவிலும், இன்றைய லெபனான் கரையில் இருந்த பழைய பினீசியாவிலும் தேடினார். 1902இல் அங்கே காப்பாளராக வந்த ரிச்சர்ட் ஹால், ஆப்பிரிக்கர்கள் வாழ்ந்த மண்படிவங்களைக் குப்பை என்று அள்ளி எறிந்தார். எவை சான்றோ அவை போயின. 1905இல் ராண்டல்-மக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் தோண்டிப் பார்த்து, இது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று எழுதினார்கள். அதற்குப் பிறகும், அப்போது ரொடீசியா எனப்பட்ட அந்நாட்டின் வெள்ளை அரசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. 1980இல் விடுதலை பெற்றபோது, 'கல்வீடுகள்' என்று பொருள்படும் அந்தப் பெயரையே மக்கள் தம் நாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று சொல்கிறேன்.

என் தாய்வழித் தாத்தா கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லுடைத்துப் பிழைத்தவர். பாறையின் முதுகில் முள்விறகைப் பரப்பித் தீ மூட்டுவார். வெந்த இடத்தைச் சம்மட்டியால் தட்டிக்கொண்டே நெருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். ஒட்டியிருக்கும் பாறை 'ணங்' என்னும். அடியில் பிடிப்பு விட்ட பாறை 'பொத்' என்னும். "தோல் விட்டுவிட்டது" என்பார். பிறகு உளி வைத்தால் பாறை பலகையாகக் கிளம்பி வரும். பள்ளிக்கூடம் போகாத மனிதர். பாறையின் பேச்சு அவருக்குத் தெரியும்.

கிரேட் ஜிம்பாப்வேயின் குன்றில் ஏறியபோது, வழிகாட்டியாக வந்த அம்மா ஒரு பாறையில் ஏடு ஏடாக உரிந்து நின்ற கருங்கல்லைக் காட்டினார். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டுப் பாறை தானாகவே உரிகிறது; கட்டியவர்கள் தீ மூட்டி, தண்ணீர் ஊற்றி, அதை விரைவுபடுத்தினார்கள் என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு கூழாங்கல்லை எடுத்து அந்த ஏட்டை மெல்லத் தட்டினேன். 'பொத்.' தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் தாத்தாவுக்கு இங்கே வேலை கிடைத்திருக்கும்" என்றார்.

எனக்கு அந்த உறவு போதும். அந்த ஊரை எங்கள் தாத்தா கட்டினார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வணிகத் தொடர்பு இருந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. உள்நாட்டுத் தங்கம் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சோபாலா துறைமுகத்துக்கும் அங்கிருந்து வடக்கே கில்வா துறைமுகத்துக்கும் போனது. பதிலுக்கு வந்த இந்தியக் கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கானும் அந்த இடிபாடுகளில் கிடைத்திருக்கின்றன. மணி விற்றவன்தான் மதிலும் கட்டினான் என்றால், சீனப் பீங்கான் கிடைத்த நம் இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தைச் சீனர்கள் கட்டினார்கள் என்பீர்களா? தஞ்சைப் பெரிய கோயிலை வேற்றுக்கிரகத்தவர் கட்டியதாக எவனாவது உளறினால் நமக்கு இரத்தம் கொதிக்கிறது. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று கல்வெட்டிலேயே பெயர் இருக்கிறது என்று எடுத்துக் காட்டுகிறோம். ஷோனாத் தச்சர்கள் கல்வெட்டு எதையும் விட்டுப்போகவில்லை. அதனால் அவர்கள் கல்லை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா? அங்கே கண்டெடுத்த சோப்புக்கல் பறவைகளில் ஒன்றை, பிரிட்டிஷ் காலனி ஆட்சியை அங்கே விரித்த செசில் ரோட்ஸ் தம் கேப்டவுன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் ஒரு பறவையை எடுத்தார். உங்கள் காணொளிக்காரர் ஊரையே எடுக்கப் பார்க்கிறார்.

கடுமையாகப் பேசிவிட்டேன். உங்களிடம் தீய எண்ணம் இல்லை என்று தெரியும்; இருந்திருந்தால் என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பட்டியலைக் குறைத்து, கிரேட் ஜிம்பாப்வேக்கு அருகிலுள்ள மாஸ்விங்கோ நகரில் இரண்டு இரவு தங்குங்கள். விடியற்காலையில் குன்றில் ஏறுங்கள். அங்கே மதில் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். பாறையை வெட்டாமல் அதை அணைத்தபடியே கட்டியிருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் உங்கள் மனைவியைக் கைப்பிடித்து மெல்ல இறக்கிக் கூட்டிவாருங்கள். மாலையில் பெரிய சுற்றுமதிலின் உச்சியில் மேலும் கீழுமாக மடிந்து மடிந்து ஓடும் கல்வரிசையைப் பாருங்கள்.

அந்தக் காணொளியை உங்களுக்கு யார் அனுப்பினாரோ, அவருக்கு இந்தப் பதிலையும் அனுப்பிவையுங்கள்.