சைக்கிள் கிளவுஸ்: எது வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்கலாம்?

சென்னையில் 14 வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். தினமும் அலுவலகத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பிரெவே என்கிற நெடுந்தூர ஓட்டம். புதிதாகச் சேருகிறவர்கள் சைக்கிள், ஹெல்மெட் பற்றிக் கேட்டு முடித்ததும் அடுத்ததாகக் கேட்பது கிளவுஸைப் பற்றித்தான். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, வீட்டிலிருந்து ஆபீஸுக்கு 6 கிலோமீட்டர்தான். இதற்குப் போய் கிளவுஸ் வேண்டுமா?

வேண்டும் தம்பி. 6 கிலோமீட்டரில் கை வலிக்காதுதான், ஆனால் விழலாம். விழும்போது யாராக இருந்தாலும் முதலில் கையைத்தான் ஊன்றுவோம். யோசித்துச் செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்கிறது. கிளவுஸ் வாங்காத காலத்தில் சர்வீஸ் ரோட்டில் மணல் வாரிவிட்டு விழுந்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து, உள்ளே புகுந்த பொடிக்கல்லை நர்ஸ் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பத்து நாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சோற்றைப் பிசைந்து சாப்பிடவும் முடியவில்லை. சில வருடம் கழித்து அதே மாதிரி இன்னொரு முறை விழுந்தபோது கிளவுஸின் உள்ளங்கை கிழிந்தது, தோல் கிழியவில்லை.

கிளவுஸ் தோலைத்தான் காக்கும், எலும்பைக் காக்காது. கையை ஊன்றி விழுந்தபின் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் பள்ளத்தை அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். அங்கே உள்ள ஸ்காபாய்டு என்ற சிறு எலும்பில் விழும் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், வலி நீடித்தால் மறுபடி காட்ட வேண்டும்.

அடையாறிலிருந்து: மகாபலிபுரம் போகும் வழியில் 40 கிலோமீட்டர் தாண்டியதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. கடையில் இருந்ததிலேயே தடிமனான ஜெல் கிளவுஸ் வாங்கினேன். இப்போது இன்னும் சீக்கிரமே மரத்துப்போகிறது. ஏன்?

சார், முழங்கை எங்காவது இடித்தால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அதே நரம்புதான் இது. அல்நார் நரம்பு என்பார்கள். அது உள்ளங்கைக்குள் நுழையும் இடம், சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டை ஒட்டிய மேட்டில் இருக்கிறது. 1861-ல் பிரெஞ்சு மருத்துவர் கியோன் விவரித்ததால் அந்தக் குறுகிய வழிக்குக் கியோன் குழாய் என்றே பெயர். நம் உடம்பின் பாரம் ஹேண்டில்பாரில் இறங்குவது சரியாக அந்த இடத்தில். நரம்பு அழுந்துகிறது, அது போகும் இரண்டு விரலும் மரத்துப்போகின்றன.

தடிமனான ஜெல் ஏன் உதவவில்லை? பேடிங் கூடினால் பிடியும் பருமனாகும். பருமனானதை விடாமல் பிடிக்க நாம் இன்னும் இறுக்குகிறோம். ஜெல் மடிந்து ஒரே இடத்தில் திரண்டால் நரம்பின் மேலேயே மேடு கட்டிவிடும். பேடிங் நரம்புக்கு இரண்டு பக்கமும் இருந்து நடுவில் ஒரு பள்ளம் விட்டிருக்க வேண்டும். வாங்கும்போது கிளவுஸைப் போட்டுக்கொண்டு கையைத் திருப்பி, பேடிங் எங்கே உட்காருகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், கை மரத்துப்போனால் முதலில் பார்க்க வேண்டியது சைக்கிளை. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கி வந்து, அந்தப் பாரத்தைக் கைதான் தாங்கும். சீட்டை மட்டமாக வையுங்கள். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் இதே கதைதான். டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்திருந்தால் கொஞ்சம் குறையுங்கள். மணிக்கட்டு பின்னால் மடியாமல் நேராக இருக்கட்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். இத்தனையும் செய்தபின் மெல்லிய பேடிங் உள்ள சாதாரண கிளவுஸே போதும் என்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

மரப்பு மறுநாளும் போகவில்லை, இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு தாளைப் பிடித்தால் நழுவுகிறது என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. அதற்குப் பெரும்பாலும் மடிந்த மணிக்கட்டே காரணம்.

மதுரையிலிருந்து: ஆன்லைனில் வாங்கும்போது சைஸ் எப்படிப் பார்ப்பது? பெண்களுக்குத் தனி சைஸ் உண்டா? எனக்கு எப்போதும் விரல் பகுதி நீளமாகவே வருகிறது.

அம்மா, தையல் டேப்பை எடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளுக்கு நேராக உள்ளங்கையைச் சுற்றி அளவெடுங்கள். வலக்கைப் பழக்கம் என்றால் வலது கையை அளந்தால் போதும். அந்த சென்டிமீட்டரை அந்தந்தக் கம்பெனி தரும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒன்றின் மீடியம் இன்னொன்றின் லார்ஜாக இருக்கும், எழுத்தை நம்ப வேண்டாம். பெண்களுக்கென்று வருபவை ஒடுக்கமாகவும் விரல் குட்டையாகவும் இருக்கும். அவை கிடைக்காவிட்டால் அரைவிரல் கிளவுஸ் எடுங்கள், விரல் நீளப் பிரச்சினையே வராது.

போட்டதும் முஷ்டி பிடித்துப் பாருங்கள். விரல் இடுக்கில் தையல் வெட்டக் கூடாது, உள்ளங்கையில் துணி மடியக் கூடாது. மடிப்புதான் கொப்புளம். இரண்டு சைஸுக்கு நடுவில் நின்றால் நான் சின்னதையே எடுப்பேன், ஓட்ட ஓட்டக் கொஞ்சம் இளகும்.

திருச்சியிலிருந்து: ஜிம் கிளவுஸ் இருக்கிறது, அப்பாவின் பைக் கிளவுஸும் இருக்கிறது. இவற்றை வைத்தே ஓட்டலாமா?

தோலைக் காக்கும், அந்த வரைக்கும் சரி. ஜிம் கிளவுஸில் பேடிங் விரல்களின் அடிவாரத்தில் இருக்கும், கம்பி அங்கேதான் உட்காரும் என்பதால். நமக்கு வேண்டியது அதற்கும் கீழே. பைக் கிளவுஸ் கனமானது, நம் வெயிலில் பெடல் மிதித்தால் பத்தே நிமிடத்தில் உள்ளே தண்ணீர் கட்டும். 500, 600 ரூபாயில் நல்ல சைக்கிள் கிளவுஸ் கிடைக்கும்போது ஒரு ஜோடி தனியாக வாங்கிவிடலாம். கட்டைவிரல் மேல் டவல் துணி வைத்துத் தைத்ததாகப் பாருங்கள். நெற்றி வியர்வையைத் துடைக்க அதைப் போல வேறில்லை.

கோவையிலிருந்து: டிசம்பரில் ஊட்டி போய், கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கத் திட்டம். அரைவிரல் போதுமா?

போதாது. ஏறும்போது உடம்பு சூடாக இருக்கும், குளிர் தெரியாது. கோத்தகிரியிலிருந்து இறக்கம் 30 கிலோமீட்டருக்கு மேல். பெடல் மிதிக்காமல், ஈரச் சட்டையோடு, எதிர்காற்றில், இரண்டு கையும் பிரேக்கிலேயே இருக்கும். விரல் விறைத்தால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் போகும். கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து. காற்றுப் புகாத முழுவிரல் கிளவுஸை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு, உச்சியில் நின்று போட்டுக்கொண்டு இறங்குங்கள். புறப்படும் முன் வீட்டிலேயே அதைப் போட்டு பிரேக்கைப் பிடித்தும் கியரை மாற்றியும் பாருங்கள். ரொம்பத் தடிமனாக இருந்தால் லீவர் கைக்குத் தெரியாது. மழை பிடித்துக்கொண்டால், மருத்துவமனைகளில் போடும் நைட்ரைல் கிளவுஸை உள்ளே போட்டு மேலே இதைப் போடுங்கள். உள்ளே வியர்க்கும், ஆனால் இறங்கி முடிக்கும் வரை கை சூடாக இருக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து: அப்பாவுக்கு 62 வயது. பழைய உயரமான சைக்கிளில்தான் தினமும் வயலுக்குப் போகிறார். கை எரிகிறது என்கிறார். என்ன கிளவுஸ் வாங்கித் தரலாம்?

அந்த சைக்கிளில் நிமிர்ந்து உட்காருவதால் கையில் பாரம் அதிகம் இறங்காது. எரிச்சலுக்குக் காரணம் அநேகமாகப் பிடிதான். பல வருட வெயிலில் பிளாஸ்டிக் கிரிப் இறுகிப் பளபளவென்று ஆகியிருக்கும், வியர்வையில் வழுக்கும், வழுக்காமலிருக்க அவர் இறுக்கிப் பிடிப்பார். முதலில் கிரிப்பை மாற்றுங்கள், செலவும் ரொம்பக் குறைவு. அப்புறமும் வேண்டும் என்றால் பேடிங் இல்லாத மெல்லிய அரைவிரல் கிளவுஸ் கொடுங்கள். கழற்றாமலேயே காசு எண்ணவும் போன் எடுக்கவும் முடிந்தால்தான் அவர் தொடர்ந்து போடுவார். சைக்கிளில் இருந்து இறங்கியபின்னும் கை எரிகிறது என்றால் மருத்துவரைப் பார்த்து சர்க்கரையும் பரிசோதித்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து: முதல் 200 கிலோமீட்டர் பிரெவே போகிறேன். இரண்டு ஜோடி எடுத்துப் போகணுமா?

எடுத்துப் போங்கள். 13 மணி 30 நிமிட நேரம் தருகிறார்கள், அவ்வளவு நேரம் நனைந்த துணிக்குள் இருந்தால் தோல் ஊறிப்போய்ச் சீக்கிரம் பிய்ந்துவிடும். பாதி வழியில் காய்ந்த ஜோடிக்கு மாறினால் கைக்குப் புது உயிர் வரும். புத்தம்புது கிளவுஸை அன்றைக்கு முதன்முதலாகப் போட வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து: துவைத்தாலும் நாற்றம் போகவில்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைப்பது? எப்போது தூக்கிப் போடுவது?

இந்த வெயிலுக்கு இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை துவையுங்கள். வெல்க்ரோவை ஒட்டிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள், கையாலேயே கசக்கலாம். கம்ஃபர்ட் மாதிரியானவை வேண்டாம், துணி வியர்வையை உறிஞ்சாமல் போகும். முறுக்கிப் பிழியாமல் அழுத்திப் பிழிந்து, நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி போடுங்கள். நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம், ஓட்டி முடித்ததும் சுருட்டிப் பைக்குள் திணித்துவிடுவதுதான்.

உள்ளங்கை வழவழவென்று ஆனாலோ, பேடிங்கை அழுத்தினால் எழும்பாமல் போனாலோ, கட்டைவிரல் இடுக்குத் தையல் விட்டாலோ மாற்றுங்கள். ஒருமுறை விழுந்து சிராய்த்த ஜோடியில் துணி மெலிந்திருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் அதைச் செயின் துடைக்க வைத்துக்கொண்டு, ஓட்டத்துக்கு வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.