தகரம் அதிர்வதைப் பெயின்ட் போன்ற பூச்சால் அடக்க முடியுமா?

முடியும், ஆனால் அது எந்தச் சத்தம் என்று முதலில் பாருங்கள். வண்டிக் கதவு, மெஷின் மூடி, காற்றுக்குழாய் போன்ற மெல்லிய தகடு தானே நடுங்கி எழுப்பும் இரைச்சல் இதில் நன்றாகக் குறையும். சுவரைத் தாண்டி வரும் பேச்சுச் சத்தத்துக்கு இது உதவவே உதவாது.

பூச்சு ரப்பர் போல இழுபட்டு, அதிர்வை வெப்பமாக மாற்றிவிடுகிறது. அதனால் கனம்தான் முக்கியம். சாதாரணப் பெயின்ட் போல மெல்லிசாக அடித்தால் பணம் வீண். காய்ந்தபின் தகட்டின் கனத்துக்குச் சமமாகவாவது, முடிந்தால் இருமடங்காகவாவது நிற்க வேண்டும். 0.8 மி.மீ. தகட்டுக்கு 1.5 மி.மீ. என்று வையுங்கள். 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் பரப்பினால் ஈரக் கனம் 1 மி.மீ. டப்பாவில் திடப்பொருள் கன அளவு (காய்ந்தபின் மிஞ்சும் பங்கு) 60% என்றிருந்தால், சதுர மீட்டருக்கு 2.5 லிட்டர் பிடிக்கும்.

துருவைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வெறும் இரும்பாக இருந்தால் பிரைமர் அடியுங்கள். பிறகு இரண்டு மூன்று தடவையாகப் பூசுங்கள். ஒரே மூச்சில் அப்பினால் மேலே ஏடு கட்டி, உள்ளே ஈரம் சிக்கி வெடிப்பு விடும். பூசும் முன் தண்ணீர் வடியும் துளைகளை டேப் ஒட்டி மறைக்கவும், பூசியபின் டேப்பை உரிக்கவும் மறக்காதீர்கள். பூச்சு துளையை அடைத்துவிட்டால் உள்ளிருந்தே துரு பிடிக்கும்.

பூச்சு போதாவிட்டால், மடிப்பு ஓரங்களை விட்டுவிட்டு அதிகம் ஆடும் நடுப்பகுதிக்கே கொடுங்கள். நன்கு காய்ந்தபின் விரல் கணுவால் தட்டுங்கள்: 'டங்ங்' என்று நீண்ட ஒலி 'தொப்' என்று நின்றுவிட்டால் கனம் சரி.