முட்டித் தேய்மானம்: எடையைக் குறைத்தால் வலி குறையுமா?

அம்மாவுக்கு 54 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள், எடையைக் குறைத்தால் ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் ஏறக்குறைய அந்த வயதில்தான் ஆரம்பித்தது, இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாமல் காக்கிற குருத்தெலும்பு தேய்ந்தால் மறுபடி வளராது, ஆனால் வலி நன்றாகவே குறையும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடம்பைக் குறைக்க எல்லோரும் "நட, நட" என்றுதான் சொல்வார்கள். முட்டி வலிக்கிறவரை எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் நடக்கவிட்டால் மூன்றாம் நாள் கால் வீங்கி, "நடந்ததால்தான் இப்படி ஆச்சு" என்று கட்டிலோடு உட்கார்ந்துவிடுவார். எடை குறைவது தட்டில்தான். அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் தேய்மானம் உள்ள 454 பேரை வைத்து 18 மாதம் ஓர் ஆய்வு நடத்தி 2013-ல் வெளியிட்டது; அதில் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் சராசரியாக இரண்டு கிலோகூடக் குறையவில்லை, சாப்பாட்டையும் மாற்றிப் பயிற்சியும் செய்தவர்கள் பத்து கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், வலியும் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. 2005-ல் அதே இடத்தில் கண்டது இன்னொன்று: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முட்டி தாங்குகிற சுமை நாலு கிலோ குறைகிறது. ஆறு கிலோ இறக்கினால் அடிக்கு 24 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு சிப்பம் அரிசி. சுமை மட்டுமே காரணம் என்றும் இல்லை. கொழுப்புத் திசுவே வீக்கத்தைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது, அதனால்தான் உடம்பைத் தாங்காத கைவிரல் மூட்டுகளில்கூட பருமனானவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக வருகிறது.

எனக்குக் குறைந்தது ஒன்பது கிலோ மாதிரி, அதுவும் மெதுவாக, ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. பட்டினி எல்லாம் கிடையாது. மதியம் பொரியலும் கூட்டும் முதலில் தட்டில் விழும், சோறு அதற்கப்புறம், ரசத்துக்கு என்று தனியாக இரண்டாம் சோறு கிடையாது. டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், நாலு மணி முறுக்கு, மிக்சருக்குப் பதில் சுண்டல். அம்மாமார்களுக்கு என்று ஒரு தனி நோய் உண்டு, பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் சட்டியில் ஒட்டியதையும் "வீணாகப் போகுதே" என்று நின்றுகொண்டே சாப்பிட்டு முடிப்பது. அது கணக்கில் வராத ஒரு வேளைச் சாப்பாடு. உங்கள் அம்மாவிடமும் இதைக் கவனியுங்கள். கஞ்சி மட்டும் குடித்து வேகமாக இளைக்கிற வேலை வேண்டாம், கொழுப்போடு தசையும் போய்விடும், முட்டியைத் தாங்குவதே தொடைத் தசைதான். முட்டை, பருப்பு, தயிர், மீன் ஏதாவது தினமும் இருக்கட்டும்.

தொடைக்கு பிசியோ சொல்லிக்கொடுத்ததை இன்னும் விடவில்லை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, துண்டை நசுக்குகிற மாதிரி முட்டியைக் கீழே அழுத்த வேண்டும். தொடையின் மேல்பக்கம் கல் மாதிரி இறுகும், ஐந்து எண்ணிவிட்டு விடணும், இப்படிப் பத்துத் தடவை. அது பழகின பிறகு படுத்தபடி காலை மடக்காமல் தூக்குவது, அப்புறம் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. நடை அதற்குப் பிறகுதான், சமதரையில், முதலில் பத்து நிமிஷம். பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாளும் அந்த வலி அடங்காமல் இருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் செலவு செய்ய மனசிருந்தால் முதல் செலவு வெஸ்டர்ன் டாய்லெட்டும் பக்கத்தில் ஒரு கைப்பிடியும். குந்தி உட்கார்வதும் தரையில் சம்மணம் போட்டு காய் நறுக்குவதும் வலிக்கிற முட்டிக்கு ஆகாது. படி ஏறும்போது வலி குறைவான கால் முதலில், இறங்கும்போது வலி அதிகமான கால் முதலில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. கைத்தடி வாங்கினால் வலி அதிகம் உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், சினிமாவில் காட்டுகிற மாதிரி அதே பக்கம் அல்ல.

குருத்தெலும்புக்கு நல்லது என்று விற்கிற குளுக்கோசமைன் மாத்திரை பற்றியும் கேட்டிருந்தீர்கள். என் அபிப்பிராயம், அந்தக் காசுக்கு பிசியோவிடம் போகலாம். 2006-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் அது, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையைத் தினமும் போடுவதுதான் ஆபத்து, வயிறும் சிறுநீரகமும் கெடும், பிரஷர், சுகர் இருந்தால் இன்னும் மோசம். டாக்டரிடம் வலிக்கு மேலே தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல் பற்றிக் கேளுங்கள், முட்டிக்கு அது ஓரளவு வேலை செய்கிறது.

எக்ஸ்ரேயில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம், படம் மோசமாக இருந்தும் வலி குறைவாக இருப்பவர்கள் நிறைய. இவ்வளவும் செய்தும் ராத்திரி வலியில் தூங்க முடியவில்லை, வீட்டுக்குள் நடமாடவே முடியவில்லை என்றால் மூட்டு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முட்டி திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினாலோ கூடவே காய்ச்சல் வந்தாலோ அது வேறு விஷயம், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.